நெருப்பர் வந்த கல்யாணம்

போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்களிலேயே குண்டுக்குப் பயப்படாத ஒரே ஆள் நெருப்பர்தான். யன்னல் கண்ணாடி அதிர வெடித்தாலும் தூரத்தில்தான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். ஆனால் நுளம்பு கடிக்கிறதென்று கதிரைக்குக் கீழே யாராவது திரி கொளுத்தினால் போச்சு! மனுசனுக்கு வியர்த்துக் கொட்டும்.

தொழில் அப்படி, பட்டப்பெயரும் அதால் வந்ததுதான். காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காகக் கட்டடம் கட்டடமாகப் போய், அலாரம் அடிக்கிறதா, தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரில் அமுக்கம் இருக்கிறதா, அவசர வாசல் திறக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேலை முடிந்து வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு வந்தாலும் அவருக்கு அது முடிவதில்லை. செத்தவீட்டுக்குப் போனால் பிரேதத்தைப் பார்க்கமுதல், குத்துவிளக்குக்கும் திரைச்சீலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார். கோயிலில் கற்பூரத்தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் வாளி எங்கே என்று ஐயரை விசாரிப்பார். கொழும்பு வெயிலில் தடித்த கம்பளிக் கோட்டோடு திரிவார். நெருப்பின்மேல் எறிய அதைவிட நல்ல சாமான் இல்லையாம்.

இப்படிப்பட்டவரை அக்காவின் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டா. மேல்வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் விடலாமா என்று அப்பா கூப்பிட்டுவிட்டார். பிறகென்ன, மாப்பிள்ளை வருவதற்குமுன்னே நெருப்பர் மண்டபத்தில் நிற்கிறார்! பின்வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பதைக் கண்டுவிட்டார். கள்ளர் வருவார்கள் என்று மனேச்சர் நியாயம் சொன்னார். "கள்ளன் வந்தால் செருப்புத்தானே போகும். நெருப்பு வந்தால் ஆள் போகும். கழட்டும் சங்கிலியை" என்று ஒற்றைக்காலில் நின்று கழற்றுவித்துவிட்டுத்தான் மனுசன் பலகாரத்தில் கைவைத்தார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. வீடியோக்காரன் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினான். குத்துவிளக்குச் சுடர் சாய்ந்து மணவறைக்குப் பின்னால் தொங்கிய சோடனைச் சீலையைப் பிடித்தது. நெருப்பர் பாய்ந்துபோய் அலாரத்தை அடித்தார். ஐயோ, அந்தச் சத்தம்!

ஒருவர்கூட ஓடவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மண்டபம் முழுக்க எழுந்து அடையாள அட்டையை எடுத்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அந்த நாளில் மணி அடித்தாலும் விசில் ஊதினாலும் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்: சுற்றிவளைப்பு, செக்கிங். ஐயர் மடியிலிருந்து அட்டையை எடுத்தார். கனடாவிலிருந்து வந்த மாப்பிள்ளை பட்டுவேட்டிக்குள் பாஸ்போர்ட்டைத் தேடினார்.

நெருப்பு நெருப்பு என்று நெருப்பர் கத்திப் பார்த்தார். செக்கிங் நேரத்தில் வரிசையை விட்டு ஓட யார் துணிவார்கள்? திடீரென்று கதிரையில் ஏறி நின்று குரலை மாற்றினார். "செக்கிங் வெளியிலையாம்! எல்லாரையும் பின்வாசலாலை வரட்டாம்!"

அவ்வளவுதான். தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை, கிழவர் முதல் கைக்குழந்தை வரை மளமளவென்று பின் ஒழுங்கைக்கு வந்துவிட்டோம். உள்ளே அவர் தனியாளாக நின்று கோட்டை எறிந்து, மணல் வாளியைக் கவிழ்த்து, சட்டையையும் கழற்றி அடித்து நெருப்பை அணைத்தார்.

ஒழுங்கையால் வந்ததே ஓர் ஆமி ஜீப்! அட்டையும் கையுமாக இவ்வளவு சனம் வரிசையில் நிற்பதைக் கண்ட ராணுவக்காரர், வேறு யாரோ தொடங்கிய செக்கிங் என்று நினைத்தாராக்கும், இறங்கி வந்து ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து நெருப்பர் கரிபிடித்த பனியனோடு வெளியே வந்து, நெருப்பு அணைந்துவிட்டது, உள்ளே போகலாம் என்கிறார். அவரிடம் அட்டை கேட்டார்கள். அட்டை கோட்டுப் பைக்குள் இருந்தது. கோட்டோ கருகிப்போயிற்று.

அட்டையில்லாத தமிழனை ஜீப்பில் ஏற்றினால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இவரை யாருக்குத் தெரியும் என்று ராணுவக்காரர் சிங்களத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு ஒரே பதில்தான்: தெரியாது. தெரியும் என்றவனும் ஜீப்பில் ஏறவேண்டி வரும். என் அப்பா ஒருமுறை சொந்த மச்சானையே தெரியாது என்று சொன்ன மனுசன். அன்று அவர் பெண்ணைப் பெற்றவர் வேறு. அவரை ஏற்றினால் கல்யாணமும் நின்றுபோகும்.

அப்பா வரிசையை விட்டு முன்னால் போனார். நெருப்பரின் தோளில் கையை வைத்து, "மகே மல்லி" என்றார். என்னுடைய தம்பி.

அப்பா நல்ல உயரம், வெள்ளை. நெருப்பர் கட்டை, கறுப்பு. ராணுவக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே பெண்கள் வரிசையிலிருந்து அம்மா, தன் மச்சான் என்றா. நெருப்பரை முன்பின் கண்டிராத மாப்பிள்ளையின் தகப்பன், எங்கள் சம்பந்தி என்றார். பிறகு ஒருவருக்குப் பெரியப்பா, ஒருவருக்குச் சகலன், ஐயருக்குக்கூடப் பள்ளிக்கூடச் சிநேகிதன்! ராணுவக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்க் கல்யாணத்தைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நெருப்பருக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன். அதுவும் கொஞ்ச நேரந்தான். "உள்ளுக்கை போங்கோ, அவசர வாசலை மறிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ" என்று எங்களை விரட்டத் தொடங்கிவிட்டார். கருகல் மணத்தோடு, முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது.

படம் எடுக்கும்போது, குடும்பத்தார் மட்டும் நில்லுங்கள் என்றார் படக்காரர். நெருப்பர் விலகப் பார்த்தார். அப்பா கையை விடவில்லை. இன்றைக்கும் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், பனியனோடு நிற்கிற இந்த மனுசன் யார் என்று கேட்பார்கள்.

என் சித்தப்பா என்று சொல்வேன்.