அக்கா உட்கார்ந்தால் எரியும் விளக்கு

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். நிறுத்தத் தெரியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஊரில் எல்லோரும் வண்டி கிளம்புமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். கிளம்பாவிட்டால் என்ன, வீட்டில் இருந்து டீ குடிக்கலாம். நிற்குமா என்று ஒரு முறை சந்தேகம் வந்தவனுக்குத்தான் தெரியும், பயம் குடியிருப்பது வயிற்றில் இல்லை, வலது கால் கட்டைவிரலில் என்று.

என் கார் வெள்ளை. (வாங்கும்போது வெள்ளை. நிலக்கரித் தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து தூத்துக்குடியில் எல்லா வண்டிக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்துவிடும்.) அதில் நான் தனியாகப் போன காலமெல்லாம் ஒரு குறையும் இல்லை. செல்வக்கனி அக்கா ஏறத் தொடங்கிய பிறகுதான் வந்தது வினை.

அக்கா ஏரலில் இருக்கிறாள். அத்தானுக்கு பஜாரில் மளிகைக் கடை. அந்த வருடம்தான் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது உப்பு. அதைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகிற பெருமை எனக்கு. உரைநடையில் கவிதை எழுதுகிறவன் கடையில் பாக்கெட் உப்பு வாங்கலாமா? உப்பளத்து நண்பரிடம் சொல்லி, பாத்தியிலிருந்து வாரிய, ஈரம் காயாத உப்பை ஒரு மூட்டையாகவே ஏற்றிக்கொண்டு போனேன். கடலையே அக்காவின் அடுப்படிக்குக் கொண்டுபோவதாக எனக்குள் ஒரு நினைப்பு. அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏலே, உப்பு விக்கிறவன் பொண்டாட்டிக்கு உப்பு மூட்டையா? ஒரு கை அள்ளி மஞ்சத்துணியில முடிஞ்சு கொண்டாந்தா லச்சுமி வரமாட்டேன்னா சொல்லுதா?"

புது வீட்டின் மாடிப்படி கொஞ்ச நாளில் அக்காவின் முழங்காலைத் தின்றுவிட்டது. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வாராவாரம் பிசியோதெரபி. விட்டுவிட்டால் மூட்டு இறுகிப்போகும், பிறகு கம்புதான் துணை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்தப் பயிற்சியே பிடிக்காது. "உக்காரு, எந்திரி, உக்காரு, எந்திரி. நான் என்ன பள்ளிக்கூடத்துல தப்பு பண்ணிட்டா வந்துருக்கேன்?" என்பாள். நாங்கள் எல்லோரும் கெஞ்சி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். பஸ் படி ஏற முடியாது. தம்பி கார் வந்தால் வருவேன், வராவிட்டால் இல்லை. நிறுத்திவிட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், அன்றோடு நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா பின் சீட்டில் இடது ஓரம் சாய்ந்து, நோகும் காலைச் சீட்டின் மேல் நீட்டிக்கொண்டு வந்தாள். பழையகாயல் பக்கம் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏதோ உயிரோடு துடித்தது. படகுத் தட்டில் விழுந்த சூரை மீன் துடிக்குமே, தடதடவென்று, அப்படி. மிதிக்க மிதிக்க பெடல் என் காலைத் திருப்பி உதைத்தது. கார் நிற்பதாகச் சொல்லிவிட்டு நிற்காமல் இன்னும் ஒரு கை தூரம் வழுகிப்போய், கடைசி ஆட்டின் வாலருகே நின்றது. அந்த ஆடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் எந்த விமர்சகரிடமும் பார்த்ததில்லை.

"என்னலே இது, மாட்டுவண்டில போற மாதிரி குலுக்குது?"

"ரோடு சரியில்லக்கா."

ரோடு சரியாகத்தான் இருந்தது. என் முன்னால், மஞ்சளாக, ஒரு புதிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏபிஎஸ்.

அக்கா உள்ளே உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனில் தேடிப் படித்தேன். அவசரமாகப் பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கிவிடுமாம். அப்படி ஆகாமல் இருக்க, பிரேக்கைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு நிறுத்துகிற ஏற்பாடுதான் ஏபிஎஸ்ஸாம். 'பிடித்து' என்பதைப் படிக்கும்போது நிம்மதியாக இருந்தது. 'விட்டு' என்ற இடத்தில் வியர்த்தது.

நடுக்கம் எனக்கு வந்தாலும் பரவாயில்லை, அக்கா கண்ணில் அந்த விளக்கு படக்கூடாது. வீட்டில் என் மனைவி ஜெயாவின் ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரிதாக ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். (பிரேக் கோளாறுக்கு நான் செய்த முதல் ரிப்பேர் இதுதான்.) பொட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் ஒளி கசிந்து, கிரகணம் பிடித்த சூரியன் மாதிரி அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அக்கா ஏறியதும் கேட்டாள்:

"காருக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கியே, என்ன விசேஷம்?"

"திருஷ்டிக்குக்கா."

"ஆமா, உன் காரைப் பாத்துதான் ஊரே வயிறெரியுது."

மெக்கானிக் காதர் பாய் காயல்பட்டினத்துக்காரர். அரபு நாட்டில் பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்தவர். பார்த்ததைச் சொல்லாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார். ஸ்கேனரை மாட்டினார். சக்கரம் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் சென்சார்களில் இடது பின் சக்கரத்தது கோளாறு என்று அது சொன்னது.

"முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. அங்கனயெல்லாம் ஷேக்கு வண்டிக்கே நாந்தான் சென்சார் மாத்துவேன்."

மாற்றினார். அவரே ஓட்டிப் பார்த்தார். விளக்கு இல்லை, துடிப்பு இல்லை. ஏரலுக்குப் போகிற வழியெல்லாம் வேண்டுமென்றே பிரேக் போட்டுப் போட்டுப் போனேன். பூப்போல நின்றது. அக்கா ஏறினாள். முக்காணி தாண்டவில்லை; காலுக்கடியில் மறுபடியும் சூரை மீன்.

பாயிடம் திரும்பிப் போனேன். ஓட்டினார். ஒன்றும் இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பரிவோடு பார்த்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதிய. வண்டில நடுக்கம் இல்ல. உங்க காலுல ஏதாச்சும்..."

அன்றிலிருந்து என் காலைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது நடுங்குகிறதா, படுக்கும்போது நடுங்குகிறதா. கவனித்தால் எந்தக் கால்தான் நடுங்காது? எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவுசெய்து, விடைபெறும் தொனியில் சில வரிகள்கூட எழுதினேன். ஜெயா அதைப் படித்துவிட்டு, "வண்டி எப்பல்லாம் நடுங்குது?" என்று மட்டும் கேட்டாள். யோசித்தேன். யோசித்ததும் பிரேக்கை விடப் பெரிய பயம் ஒன்று வந்தது. அக்கா உட்காரும்போது மட்டும்!

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? நீ உட்கார்ந்தால் என் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு ஏரல் பஜாரில் நான் உயிரோடு நடமாட முடியுமா? பாயிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப அவுகளை ஏத்தித்தான் பாக்கணும்" என்றார் மெதுவாக. அக்காவிடம், உன் முட்டுக்குத் தோதாகச் சீட்டைச் சரிசெய்ய மெக்கானிக் வருகிறார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். அது என்னை இன்னும் வதைத்தது.

ஊருக்கு வெளியே உப்பளத்து மண்பாதையைத் தேர்ந்தெடுத்தவர் பாய்தான். "இங்கன ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. முட்டுனாலும் உப்புலதான் முட்டும்." இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் தலைகீழாகக் கிடந்தது. பாதை முடியும் இடத்தில், வீடு உயரத்துக்கு ஓர் உப்பு அம்பாரம், பாதி ஓலை வேய்ந்து, பாதி வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டு. நான் ஓட்ட, பக்கத்தில் பாய் ஸ்கேனரோடு, பின்னால் அக்கா காலை நீட்டிக்கொண்டு.

"வேகமாப் போயி ஒரே மிதியா மிதிங்க" என்றார் பாய்.

மிதித்தேன். துடித்தது. பாய் ஸ்கேனரைப் பார்த்து அலறினார்.

"யா அல்லாஹ்! மூணு சக்கரம் ஓடுதேங்குது, ஒரு சக்கரம் நின்னுட்டேங்குது! நிக்கலியே, அது ஓடுதே! இந்தப் பொய்யை நம்பி கம்ப்யூட்டர் பிரேக்கை விடுதே!"

"நான் என்ன செய்ய?"

"விடாதிய! மிதிங்க! மிதிங்க அண்ணாச்சி!" சொல்லிக்கொண்டே அவரும் தன் பக்கத்து வெறும் தரையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தார். பாதையில் சிந்திக் கிடந்த உப்பு சக்கரங்களுக்கடியில் பரபரவென்று உருண்டது. வெள்ளை மலை வந்தது. வந்துகொண்டே இருந்தது. எனக்கு அக்காவின் முழங்கால் ஞாபகம் வந்தது. அத்தானின் முகம் ஞாபகம் வந்தது. இன்ஷூரன்ஸ் கட்டினேனா என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பொத்.

அவ்வளவுதான் சத்தம். தலையணையில் முகம் புதைப்பது போல, கார் உப்புக்குள் மூக்கை நுழைத்து நின்றது. மேலிருந்து உப்பு பொலபொலவென்று சரிந்து கண்ணாடியை மூடியது. வண்டிக்குள் வெள்ளை வெளிச்சம். இறந்துவிட்டோம் என்று நான் ஏறக்குறைய ஒப்புக்கொண்ட நேரத்தில் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"என்னலே, உப்பு வந்துட்டு. பாலும் இங்கனயே காய்ச்சிருவமா?"

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் குலுங்கிய குலுங்கலில் பொட்டு உதிர்ந்து என் மடியில் கிடந்தது. மஞ்சள் விளக்கு பட்டவர்த்தனமாக எரிந்தது.

"அது என்ன வெளக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டிலிருந்து தொடங்கி. அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பாய் சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டார். விளக்கு எரியவில்லை. அவர் கண்கள் விரிந்தன.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தாள். எரிந்தது.

"எந்திரிங்க."

எழுந்தாள். சாவியை மறுபடி திருப்பினார். இல்லை.

"உக்காருங்க."

ஆஸ்பத்திரியில் பெல்ட்டும் நாற்காலியும் வைத்துக் கெஞ்சியும் செய்யாத பயிற்சியை, அக்கா உப்பளத்து வெயிலில், ஆத்திரத்தில், வலியே மறந்து செய்துகொண்டிருந்தாள். அம்பாரம் சரிந்த சத்தம் கேட்டு வந்த உப்பளத்துப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாய் பின் சீட்டைத் தூக்கினார். கீழே, தரை விரிப்பில், ஒரு குட்டி உப்பளம். மூட்டையிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் காய்ந்து, கல் கல்லாக விளைந்திருந்தது. நடுவில் சென்சார் வயரை இணைக்கும் கனெக்டர், பச்சைக் களிம்பு பிடித்து. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அது நசுங்கித் தொடர்பு விட்டுவிடுகிறது.

"இங்கன யாரு உப்பு வெளைய வச்சது?" என்றார் பாய்.

நான் தூரத்துக் கொக்கைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏலே. அந்த மூட்டைய எங்கன வச்சுக் கொண்டாந்த?"

"பின் சீட்டுலக்கா."

"டிக்கி எதுக்கு இருக்கு?"

"டிக்கில கருவாட்டு வாடை. லச்சுமியை எப்படி அதுல..."

"லச்சுமிக்கு வாடை ஆகாது. அக்கா செத்தா ஆகும்."

பாய் களிம்பு பிடித்த வயரை வெட்டி எறிந்து, புதிய கனெக்டர் வைத்துப் பற்றவைத்து, சீட்டு நசுக்காத ஓரமாக ஏற்றிக் கட்டினார். நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் உலர்த்தினார். மறுநாள் அக்காவை வரச்சொல்லி உட்காரவைத்தார். எரியவில்லை. அதே பாதையில் மிதித்தேன். கார், அம்பாரத்துக்கு வெகு முன்னாலேயே, வெட்கப்பட்டது போல நின்றது. பாய் மட்டும் பழக்கதோஷத்தில் தரையை மிதித்தார்.

ஏரலில் இறக்கிவிடும்போது, இனி வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அக்கா கதவைப் பிடித்து எழுந்து நின்றாள். காலை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முகத்தில் ஓர் ஆச்சரியம்.

"அடுத்த வாரம் நேரத்துக்கு வந்துரு. உன்னைய நம்பி இல்லலே, பாய் போட்ட வயரை நம்பி."

இப்போது அக்கா கம்பில்லாமல் மாடி ஏறுகிறாள். நான் கொண்டுபோன மூட்டை இன்னும் தீரவில்லை; அத்தான் கடையில் வண்டி வண்டியாக உப்பு வந்தாலும் அடுப்படியில் என் உப்புதான். குழம்பில் உப்பு கூடிப்போனால் எங்கள் குடும்பத்தில் யாரும் உப்பு கூடிவிட்டது என்று சொல்வதில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அத்தான் மெல்லுவதை நிறுத்தி, என்னைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்துச் சொல்லுவார்:

"ஏளா, லைட்டு எரியுது."

மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.