பெரட்டுக்கு வந்தான், வேலைக்கு வரலை!

பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் கம்ப்யூட்டருக்குப் பெரட்டுக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். அவருக்கு முன்னால் அப்படி ஒருவர் இருந்ததில்லை. இனிமேல் பிறந்தால் அந்தப் பிள்ளையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரட்டு என்றால், தேயிலைத் தோட்டத்தில் காலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடுவது. நமுனுகுலப் பக்கத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயமொன்றில் வளர்ந்த அண்ணன், பதுளையில் எங்கள் தோட்டக் கம்பனியின் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பாக வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வந்ததும் வராததுமாக ஒவ்வொரு மெஷினுக்கும் ‘பிங்’ அனுப்புவார். ‘இருக்கியா?’ என்று கேட்டு, ‘இருக்கேன்’ என்று பதில் வாங்குகிற சின்ன வேலை அது. பதில் வந்தால் அலுவலகமே அதிரும்.

“ஃபெக்டரி மெஷின்... வந்துட்டான்! சம்பள மெஷின்... வந்துட்டா!”

எது ஆண், எது பெண் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பிரின்டர் பதில் சொல்லாவிட்டால், “சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டானா?” என்று என்னை முறைப்பார். பிரின்டர் ஏதோ என் மச்சான் என்பது போல.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு வருஷத்தில் கம்பனி ஒரு பெரிய மெஷின் வாங்கித் தந்தது. பழைய சர்வர்கள் எல்லாம் இனி அந்த ஒன்றுக்குள்ளேயே ஓடும். அவற்றின் கோப்புகள் மட்டும் பக்கத்தில் இன்னொரு மெஷினில் இருக்கும். கொழும்பு எஞ்சினியர் படம் போட்டு விளக்கியும் எங்கள் கணக்காளர் ஐயாவுக்கு இது ஏறவில்லை. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். விளங்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டார். அண்ணன்தான் குறுக்கே விழுந்தார்.

“ஐயா, பெரிய மெஷின் ஒரு லயம். உள்ளுக்க இருக்கிற சர்வரெல்லாம் காம்பராவுக்கு ஒரு குடும்பம். அரிசி, பருப்பு எல்லாம் எதிர்த்தாப்புல ஸ்டோர்ல. நடுவுல பாதை அடைஞ்சா மொத்த லயமும் பட்டினிங்க.”

“அட, இதை முதலே சொல்லியிருக்கலாம்தானே!” என்று ஐயா கையெழுத்துப் போட்டார். கோப்பு மெஷினுக்கு அன்றிலிருந்து ‘ஸ்டோர் மெஷின்’ என்றே பேர்.

அந்த வருஷம்தான், கம்ப்யூட்டர் வேலையை முழுக்கக் கொழும்புக்கே எடுத்துவிடலாமா என்று தலைமை அலுவலகம் யோசித்தது. எடுத்தால் அண்ணன், அவருக்கு உதவியாக இருந்த நான், தட்டச்சு செய்யும் செல்வராணி, மூவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டிரெக்டர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவர் வருகிற நாள், ஆயுத பூசைக்கு மறுநாள்.

பூசையை அரைகுறையாகச் செய்வது அண்ணனுக்குப் பிடிக்காது. எல்லா மெஷினையும் நிறுத்தி, வயர்களைக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். மவுஸுக்கும் பொட்டு. சர்க்கரைப் பொங்கல் பானையை சர்வர் அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று நான் தடுத்ததில் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் எல்லாரும் ஆஜர். “பார்த்தியா, அம்மா அருள்!” என்று அண்ணன் மீசையைத் தடவினார். பிறகு சர்வர்களைத் திறந்தோம். ஒன்றும் அசையவில்லை. ஸ்டோர் மெஷினில் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. ஒன்றைத் திறந்தால் அப்படியே உறைந்தது.

ஐயா ஓடி வந்தார். “என்ன நடக்குது இஞ்ச? டிரெக்டர் பண்டாரவளை தாண்டிட்டாராம்!”

கொழும்பு எஞ்சினியருக்குப் போன் போட்டோம். “பிங் வருதுதானே? அப்ப பாதை சரி. ஸ்டோர் மெஷின்தான் பழுது. லொறியில ஏத்தி அனுப்புங்க” என்றார். மெஷின் லொறியில் ஏறினால் எங்கள் வேலையும் அதே லொறியில் ஏறிவிடும். செல்வராணி சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

“தெமோதரைக்கு வந்திட்டாராம்!” என்று ஐயா மறுபடியும் கத்தினார்.

அண்ணன் தாழ்ந்த குரலில் மறுபடி பெரட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. திடீரென்று தொடையில் தட்டினார்.

“பெரட்டுக்கு வந்தான், வேலைக்கு வரலை! எங்க தோட்டத்துல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! பேரைக் கூப்பிட்டா ‘இருக்கேன்’னுவான், மலைக்குப் போனா ஆளைக் காணோம். தம்பி, வெறுங்கூடையோட யாரும் நடப்பாங்க. கொழுந்தை நெறைச்சுத் தூக்கச் சொல்லு!”

எனக்குப் புரிந்தது. பிங் என்பது சின்னஞ்சிறு பொதி. ஸ்டோர் மெஷினிலிருந்து கோப்புகள் வருவது பெரிய பெரிய பொதிகளாக. அதே அளவுக்கு ஒரு பெரிய பிங் கட்டி அனுப்பினேன். பதில் இல்லை. சின்னதை அனுப்பினேன், உடனே பதில் வந்தது. ஆக, பாதையில் எங்கோ ஓர் ஒடுக்கம்.

வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனோம். பெரிய பொதிகளைத் தாங்குகிற புதிய சுவிட்ச் பெட்டிக்குப் போக வேண்டிய வயர், அடித்தட்டில் இருந்த பழைய பெட்டிக்குப் போயிருந்தது. அதற்குச் சின்னப் பொதிகள் மட்டும்தான் ஆகும்.

“எந்த மடையன் இதை இங்க குத்துனது?” என்று அண்ணன் கர்ஜித்தார்.

நானும் செல்வராணியும் அவரையே பார்த்தோம்.

“நானா?” என்றார். புதிய பெட்டியின் முகப்பில், வயர் இருந்த இடத்தில், பூசைக்கு ஒட்டிய படத்தில் சரஸ்வதி வீணையுடன் வீற்றிருந்தாள். “அம்மா மூஞ்சிக்கு முன்னால வயரு தொங்குச்சு. கீழ ஒரு ஓட்டை சும்மா கெடந்துச்சு...”

“தாயே, கொஞ்சம் அங்கிட்டு தள்ளிக்குங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தைப் பெயர்த்து, வயரை மாற்றிச் செருகினார். சர்வர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. “காம்பராவுக்குக் காம்பரா அடுப்பு எரியுதுடா!” என்று அவர் கத்தியது, வாசலில் இறங்கிக்கொண்டிருந்த டிரெக்டருக்கே கேட்டிருக்கும்.

டிரெக்டர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“காலமை ஒரு சின்னப் பிரச்சினை, சேர். கொழும்பால மெஷின் பழுதெண்டு சொன்னவை. எங்கட ஆள்தான் பிழையைக் கண்டுபிடிச்சவர்.”

“அப்படியா? என்ன பிழை?” என்று டிரெக்டர் அண்ணனைக் கேட்டார்.

செல்வராணி இருமினாள். நான் கண்ணைக் காட்டினேன். ‘வயர் லூஸ்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

“பிழை நான்தாங்க சேர்” என்றார் அண்ணன். “சாமி படத்துக்காக வயரை மாத்திக் குத்திப்புட்டேன். மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லைங்க.”

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். டிரெக்டர் அண்ணனைப் பார்த்தார், பொட்டு வைத்த மவுஸைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

“அடுத்த பூசைக்குச் சாமி படத்தைச் சுவரில மாட்டுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

“அடுத்த பூசைன்னாரே!” என்று செல்வராணிதான் முதலில் துள்ளினாள். “அப்ப நாம இங்கதான் இருக்கோம்!”

நான் விடவில்லை. “வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னண்ணே? மூணு பேரு சோத்துல மண்ணைப் போடப் பார்த்தீங்களே!” என்று சண்டைக்குப் போனேன். “கேட்டாரு, சொன்னேன்” என்றார் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டேன். ஏதாவது கெட்டுப்போய், ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டிக்கொண்டு நிற்கும்போது, எனக்கு அண்ணன் மேல் அப்படியொரு ஆசை பொங்கிவரும்.