அறுபத்திரண்டு சதவீதத்தில் இடித்த இடி

‘பேக்கப் எடுத்தாச்சா?’ என்று கேட்டதும் சட்டென்று ‘ஆச்சு’ என்பவனை நம்பாதீர்கள். உண்மையிலேயே எடுத்தவன், எதில் எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று விளக்கி நம் உயிரையும் சேர்த்து எடுப்பான். நான் சட்டென்று சொன்னவன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது இங்கே வழக்கம். ஒரு வருடம் அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, விளம்பர வீடியோ ஒன்றை அச்சகத்தின் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தது. நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாகக் கொடுத்தால் வாங்காது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் வாங்கும். உள்ளே இருப்பது எதுவும் அழியாமல் மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். (அதைச் சொல்லித்தந்த வீடியோவை நான் பாதிதான் பார்த்திருந்தேன். மீதியில்தான் பேக்கப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் போல.)

“தம்பி, உள்ள முந்நூறு டிசைன் இருக்கு. காப்பி எடுத்து வச்சிட்டீகளா?” என்றார் முதலாளி அண்ணாச்சி.

“ஆச்சு அண்ணாச்சி.”

ஞாயிறு மதியம், கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டிக் கட்டளையைத் தட்டினேன். அறுபத்திரண்டு சதவீதம் வரை ஓடியது. ஆடியில் இடி இடிப்பது எங்கள் பக்கம் அபூர்வம். அன்றைக்கென்று இடித்தது.

என் மனைவி ஸ்டெல்லா வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் சூப்பர்வைசர். இடிச் சத்தம் கேட்டால் மெயினை அணைத்து ஆட்களை வெளியேற்றுவது அவள் வேலை. பன்னிரண்டு வருடப் பழக்கம். கம்ப்யூட்டர் திரை இருட்டானது.

“ஏங்க, மெயினை அமத்திட்டேன். வெளிய வாங்க.”

“ஏ ஸ்டெல்லா, உள்ள அண்ணாச்சி டிஸ்க்கு ஓடுது.”

“அது ஓடட்டும். நீங்க மொதல்ல நடந்து வாங்க.”

வாசலில் நிறுத்தி ஆள் எண்ணினாள். நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவள் மெயினைத் திரும்பப் போட்டதும், ‘இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. நான் அழுதேன். சும்மா சொல்லவில்லை, மூக்குச் சிந்தி அழுதேன். மறுநாள் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன்.

“ஏலே, ஆல்பம் வரலைன்னா உன் மூஞ்சியத்தான் காலண்டர்ல போடணும். அம்புட்டும் திரும்ப வரணும், பாத்துக்க” என்றார். ‘தம்பி’ போய் ‘ஏலே’ வந்ததிலேயே என் வேலையின் ஆயுள் தெரிந்துவிட்டது.

மீட்பு மென்பொருள் ஒன்று மூன்று நாள் ஓடிப் படங்களை எல்லாம் மீட்டது. ஆனால் எந்தப் படத்துக்கும் பெயர் இல்லை. எங்கள் தொழிலில் டிசைன் நம்பர்தான் பெயர். பழைய வாடிக்கையாளர்கள் ஆல்பத்தைத் திறக்காமலே போனில் நம்பரைச் சொல்லி ஆர்டர் போடுவார்கள். ஸ்டெல்லா லீவு போட்டுக் கூட உட்கார, முந்நூறு படத்துக்கும் ஞாபகத்தில் இருந்து நம்பர் போட்டோம். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வந்தது. வேலையும் தப்பியது.

தை மாதம் ஆனைக்குட்டத்துக் கறிக்கடைக்காரர் கையில் காலண்டரோடு வந்தார். அவர் போனில் சொன்ன நம்பர் மயில் மேல் முருகன். போயிருந்ததோ ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பர் இயேசு. நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“சண்டை போடத்தான் கெளம்புனேன்” என்றார். “ஆனா கடைக்கு வாரவுக எல்லாம், குட்டி என்னமா இருக்குன்னு பாத்துட்டுக் காக்கிலோ கூட வாங்கிட்டுப் போறாக. வருசா வருசம் இதையே போட்டுருங்க.”

இன்றுவரை அதையேதான் போடுகிறோம். கிறிஸ்துமஸுக்குக் கறி வாங்கப் போனால் எனக்கு எலும்பில்லாமல் நிறுக்கிறார். எங்கள் சபைக்குப் புதுப் போதகர் யார் வந்தாலும் ஸ்டெல்லா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: “இவுகதான் எங்க வீட்டுக்காரரு. நல்ல மேய்ப்பரையே கறிக்கடைக்கு அனுப்பி வச்சவுக.”