வால்வு அண்ணனும் முப்பது ஜோடிக் கால்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள சகல ஜீவராசிகளின் ரத்த ஓட்டத்துக்கும் தானே பொறுப்பு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் வால்வு அண்ணன்தான்.

ஆலையில் பம்புகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரிக்காரர். சொந்த வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், 2011 வாக்கில், சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் ஏழு பேர் தங்கியிருந்த அறையில் எட்டாவது ஆளாக வந்து சேர்ந்தார். வீட்டில் இதயத்தைப் பற்றிக் கேட்க ஆள் கிடைக்கவில்லை என்பது எங்கள் ஊகம்.

ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கினால் இதயத்தை அறுத்துக் காட்டிய பிறகுதான் அடுப்பு பற்றவைக்க விடுவார்.

"மீனுக்கு ரெண்டு ரூமு, தவளைக்கு மூணு, கோழிக்கும் நமக்கும் நாலு. நெஞ்சுக்குள்ள நாலு ரூமு வச்சிகினு எட்டு பேரு ஒரே ரூமுல கீறோம், பாரு."

கரப்பான்பூச்சியை அடிக்கத் துடைப்பத்தை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொள்வார். அதன் ரத்தம் குழாயில் ஓடுவதில்லை, உடம்புக்குள் தேங்கித் தளும்புகிறது என்று விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் கரப்பான் அடுத்த அறைக்குக் குடிபோயிருக்கும்.

நான் கோவில்பட்டியிலிருந்து வந்த புதுசு. ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்றே வேலை. காலையில் ஷூவுக்குள் போன கால் சாயங்காலம் வெளியே வர மறுத்தது. அண்ணன் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். ரெண்டே நாளில் என் பக்கத்து ஆள் ஆரம்பித்தான். வாரக் கடைசியில் லைனில் முப்பது பேரும் வேலை செய்துகொண்டே எம்பி எம்பி இறங்கினோம்.

சூப்பர்வைசர் அதை வேலைநிறுத்தத்தின் ஒத்திகை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு விசாரணை. வேலை போய்விடும் என்றே எல்லோரும் பேசினார்கள். சாட்சியாக என்னையும் அழைத்தார்கள். அண்ணனோ மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பாடம் எடுத்தார்.

"இதயம் ரத்தத்த கீழ தள்ளிடும் சார். மேல யாரு ஏத்துறது? கெண்டைக்கால் சதைதான். அது அமுக்குனா ரத்தம் ஏறும், திரும்ப எறங்காம வால்வு பிடிச்சிக்கும். ஆடாம அசையாம நின்னுகினே இருந்தா வால்வு பூடும். ஒட்டகச்சிவிங்கிக்குக் காலு வீங்காது. ஏன்? தோலு சாக்ஸ் மாதிரி டைட்டா கீது. நமக்கு அந்தக் குடுப்பின இல்ல சார்."

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு மெதுவாகப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். ரத்தக்குழாய்கள் நீலக் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருந்தன. அண்ணன் குனிந்து, அக்கறையோடு பார்த்தார்.

"டாக்டராண்ட காட்டுங்க சார். இது என் ஸ்பேனருக்கு அடங்காது."

வேலை போகவில்லை. மணிக்கு ஒருமுறை எல்லோரும் குதிகால் தூக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விசில் ஊதும் பொறுப்பு சூப்பர்வைசருக்கு.

மறுவருஷம் அண்ணனை மறைமலை நகர் ஆலைக்கு மாற்றினார்கள். அவர் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏழு பேரும் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். என்ன விஷயம் என்று அவர் கேட்டார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம் என்றோம். அந்த ஊரில் அவரைத் தவிர எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது.