பன்னிரண்டாவது ஆணி

சட்டசபையையே கேஜில் ஏற்றி இறக்கப் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கோலார் தங்கவயல் ஊரிகத்தில் எங்கள் எதிர் லைனில், அதாவது எதிர்த்த கம்பெனி வீட்டு வரிசையில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய பென்ஷன் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பெல் பெரியப்பா.

கேஜ் என்பது தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. அதன் வாயிலில் நின்று பெல் அடிப்பது அவர் செய்த வேலை. ஓடுகிற கேஜுக்கு ஒன்று அடித்தால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது, பார்த்து. முப்பது வருஷம் இப்படி அடித்த கை, ரிட்டையர் ஆன பிறகும் ஓயவில்லை. ஹோட்டலில் உட்கார்ந்து மேஜையை இரண்டு தட்டுவார், இட்லி இறங்கும். யார் வீட்டுக்குப் போனாலும் கதவில் மூன்று. ஒரு தரம் சாராயக்கடைப் பக்கம் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஊரே விலக்கப் பார்த்து முடியவில்லை. இவர் போய்த் தகரக் கதவில் ஓங்கி ஒன்று அடித்தார். இரண்டு பேரும் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சுரங்கத்து ஆள்களின் காது அப்படிப் பழகியிருந்தது.

நான் கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்த புதிது. அறுபதுகளின் தொடக்கம், அப்போது நாங்கள் மைசூர் ராஜ்யம். என் வீட்டுக்காரருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். பாத்திரம் உருண்டால்கூட விழித்துக்கொள்வார் என்று நான் பூனை மாதிரி நடப்பேன். பிள்ளைகள் இல்லை. பேச்சும் எனக்கு வராது. வாய் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் வியர்வை வரும். இருபது வீட்டுக்கு ஒரு தெருக்குழாய். காலையில் அங்கே குடத்தோடு நிற்கிற ஒரு மணி நேரம்தான் நான் மனிதக் குரல் கேட்கிற நேரம். நான் பேச மாட்டேன், கேட்பேன். அந்த நாளுக்கு அது போதும்.

ஒரு நாள் பெல் பெரியப்பா அந்தக் குழாயடிக்குப் பேப்பரோடு வந்தார். குழாய்க் கம்பியில் ஒன்று தட்டினார். எல்லாப் பெண்களும் நின்றோம்.

"சட்டசபையில மசோதா வருதாம். ஊருக்குள்ள தெருக்கொழா எல்லாம் கொஞ்ச கொஞ்சமா நிறுத்திருவாங்களாம். வீட்டு வரி கட்றவங்களுக்குத்தான் வீட்டுக்குள்ள கொழா."

"நம்ம வீடு கம்பெனி வூடாச்சே. நாம எங்க வரி கட்றோம்?" என்றாள் தைலம்மா அக்கா. எங்கள் லைனுக்கு வாய் அவள்தான்.

"அதான் மா சொல்றேன். பேத்தமங்களா ஏரியில இருந்து தண்ணி வரும், ஆனா நமக்கு வராது."

"அப்ப இன்னா பண்றது? உன் மீசைய புழிஞ்சி ஊத்துவியா?"

"ஊரெல்லாம் ஒண்ணு சேரணும்."

"இந்த லைன்ல நாலு பேரு ஒண்ணு சேர மாட்டறாங்க. ஊரு சேருமாம். போ பெரியவரே, கொடம் வழியுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஆளுக்காக எவனாச்சும் கேஜ் எறக்குவானா? ரொம்பினாத்தான் எறக்குவான். நம்ம ஊரு மட்டும் மனு குடுத்தா, ஷாஃப்ட் வாயில தனியா நிக்கிற ஆளு மாதிரி. பன்னண்டு ஊரு சேந்து ஒரே காயிதத்துல குடுத்தா, கேஜ் ரொம்பிச்சி. எறக்கித்தான் ஆகணும்."

ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தேன், கையெழுத்து மட்டும் கோலம் மாதிரி இருக்கும். அதனால் மனு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அவர் வாசலில் நின்று சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவேன். உள்ளே என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். என் தமிழைக் கன்னடத்தில் எழுதித் தர மைசூர் மைன்ஸில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா எழுதற ஆம்பள யாருங்க?" என்று கேட்டாராம். பெல் பெரியப்பா அதை ஒரு மாசம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவர் ஊர் ஊராகக் கிளம்பினார். கையில் மனு, கக்கத்தில் ஒரு மரப்பலகை. பலகையில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் அடித்த ஒரு பித்தளைப் பில்லை.

பில்லை சமாசாரம் சுரங்கத்துப் பழக்கம். கீழே இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வருகிற வரைக்கும் பெல் அடிக்கிறவர் வீட்டுக்குப் போகக் கூடாது. பெல் பெரியப்பா கேஜை விட்டு வந்த பிறகும் இந்தச் சட்டத்தை விடவில்லை. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பில்லை கொடுத்தார். மசோதாவை விசாரிக்கிற சட்டசபைக் கமிட்டி முன்னால் மனுவைக் கொடுக்க, ஊருக்கு ஒருவராகப் பெங்களூர் போகிற அன்று அதைப் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். எல்லா ஆணியும் நிறைந்தால்தான் ரயில் ஏறலாம்.

போன இடமெல்லாம் கக்கத்துப் பலகையைப் பார்த்து அவரைப் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் என்றே நினைத்தார்கள். கோலார் நகரசபையில் ஒரு காவலாளி, "சாமி படம் ஏற்கெனவே மாட்டியாச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாராம். மறுநாளும் போய் நின்றார். "ஸ்வாமி, ஒப்பனிகே கேஜ் இளியல்ல" என்பார் கன்னடத்தில். ஒரு ஆளுக்குக் கேஜ் இறங்காது. தெலுங்கிலும் அதையே சொல்வார். கேட்டவர்களுக்குக் கேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் இவர் சொல்கிற தோரணையில் தலையாட்டிவிடுவார்கள்.

மனுவில் யார் பெயர் முதலில் என்று இரண்டு ஊருக்குள் சண்டை வந்தது. எந்த ஊர்கள் என்று சொல்ல மாட்டேன், இரண்டிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மூன்று மாசம் மனு நகரவில்லை. கடைசியில் இவர் போய், "கேஜ்ல மொதல்ல ஏறினவன் கடைசியாத்தான் எறங்குவான்" என்று சொல்லி, முதல் பக்கத்தில் ஒரு வரிசையும் கடைசிப் பக்கத்தில் அதையே தலைகீழாகவும் எழுதச் சொன்னார். இரண்டு ஊரும் முதல் ஊராகிவிட்டன. நான்தான் எழுதினேன்.

மாலூர்க்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. மாலூர் பெங்களூருக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. அவர்களையும் எதிர்ப்பக்கமாகப் பங்காருப்பேட்டைக்கு வந்து ஏறச் சொன்னார். "எங்க ஊர் வழியாத்தானே ரயில் போகுது, அங்கயே ஏறிக்கிறோம்" என்று எழுதினார்கள். "ஷாஃப்ட் வாயிலதான் ஏத்துவேன், நடு லெவல்ல ஏத்த மாட்டேன்" என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். வருகிறோம் என்று பதில் வந்தது.

பதினொரு ஊர் சேர்ந்தது. பன்னிரண்டாவது எங்கள் ஊர். அந்தப் பில்லை யாருக்கு என்று குழாயடியில் பேச்சு. தைலம்மா அக்கா தனக்குத்தான் என்று தலை பின்னிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு என்ன ஆனதோ, குடத்தைத் தூக்கப் போன நான், யாருக்கும் கேட்காது என்று நினைத்து எனக்குள் சொல்வது போலச் சொன்னேன்: "இந்தக் கொழா இல்லன்னா நான் யாரு கொரல கேக்கறது?"

பெல் பெரியப்பா கம்பியில் ஒன்று தட்டினார்.

"இத்தினி காயிதம் எழுதினோமே, இத எழுதலயே மா. அங்க வர்ற பதினோரு ஆம்பளயும் ஒரு கொடம் தண்ணி தூக்கினது கெடயாது. நீ வந்து இத சொல்லு. இது ஒண்ணு போதும்."

"ஐயோ, என்னால ஆவாது பெரியப்பா."

"இவளா? இவ வூட்டுக்காரரு பேர கேட்டாலே கதவ சாத்திக்குவா" என்றாள் தைலம்மா அக்கா.

ஆனால் பில்லை என் கையில்தான் வந்தது. அடுத்த பதினைந்து நாள் எனக்குப் பயிற்சி. முதலில் குடத்திடம் சொன்னேன், சரியாக வந்தது. பிறகு தைலம்மா அக்காவின் ஆட்டிடம் சொல்லச் சொன்னார். பாதியில் ஆடு எழுந்து போய்விட்டது. "சட்டசபைலயும் அப்டித்தான் எழுந்து போவாங்களாம். நீ பாட்டுக்குச் சொல்லிக்கினு இரு" என்றார். அவரும் தயாரானார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை அந்துருண்டை வாசனையோடு எடுத்து வெயிலில் போட்டார். கோட்டுக்குள்ளே இருந்த மனிதர் மெலிந்துவிட்டிருந்தார். மனைவி போய்ப் பல வருஷம். "விதான சௌதாவ வெளிய நின்னு பாத்துக்கீறேன். உள்ள போனதில்ல" என்று சட்டசபைக் கட்டடத்தைப் பற்றி அன்றைக்கு ஐந்தாறு தரம் சொன்னார்.

அந்த நாள் வந்தது. அவர் விடியற்காலை ரயிலிலேயே பலகையோடு பங்காருப்பேட்டைக்குப் போய்விட்டார். கூடத் தைலம்மா அக்காவின் வீட்டுக்காரர். நான் அடுத்த வண்டியில் வர வேண்டும். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, "போய்ட்டு வா மே. நான் தூங்கிக்கினுதான இருப்பேன்" என்றார். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனில் நின்றேன். முந்தானை முடிச்சில் பில்லை. வண்டி வந்தது. பெட்டி நிறைய ஆட்கள். ஒருவர் நகர்ந்து இடம்கூட விட்டார். என் கால் எழவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், முதல் வார்த்தையே இல்லை. வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்து புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தூங்குகிறவருக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பங்காருப்பேட்டையில் நடந்ததைத் தைலம்மா அக்காவின் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். பதினொரு ஊரும் வந்துவிட்டது, மாலூர் உட்பட. பதினொரு பில்லையும் மாட்டியாயிற்று. பெங்களூர் வண்டி வந்து நின்றது. "வாங்க பெரியவரே" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றாராம்.

"ஆணி ஒண்ணு காலியா கீது."

"அந்தம்மா வரல போல. நீங்க வாங்க."

"வரலன்னா இன்னும் கீழ கீதுன்னு அர்த்தம்."

"இது ரயில்வே ஸ்டேஷன் பெரியவரே, ஷாஃப்ட் இல்ல."

"தெரியும். ஆனா ஆணி ஆணிதான். நீங்க போங்க, நான் அதுக்காகக் காத்துக்கினு இருக்கேன்."

மனுவை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பெட்டியின் தகரத்தில் இரண்டு தட்டினார். வண்டி போனது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்று பார்த்தாராம், சாயங்காலம் வரைக்கும், கோட்டைக் கழற்றாமல்.

பதினொரு பேரும் திரும்பி வந்தபோது அவர் பிளாட்பாரத்துப் பெஞ்சியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் அசந்துபோனார்களாம். ஒரு ஊர் சொன்னதை அடுத்த ஊர் மறுக்காமல் அவர்கள் பார்த்ததே இல்லையாம். தெருக்குழாயை நிறுத்துகிற பிரிவை மசோதாவிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும், "குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர் யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். "ஒருத்தர் வழியில இருக்காங்க" என்று மாலூர்க்காரர் சொன்னாராம்.

குழாய் பிழைத்தது. ஆனால் நான் குழாயடிக்குப் போகவில்லை. எட்டு நாள், ஆளில்லாத உச்சி வெயிலில் போய் ஓரமாக ஒரு குடம் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். ஒன்பதாம் நாள் கதவில் மூன்று தட்டு, தூங்குகிறவரை எழுப்பாத அளவுக்கு மெதுவாக. பில்லையை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவற? கொழா நின்னுச்சில்ல. அது போதும்."

"நீங்க உள்ள போயி பாக்கல பெரியப்பா. என்னாலதான்."

"நான் பெல் அடிக்கிறவன் மா. பெல் அடிக்கிறவன் என்னிக்குக் கேஜ்ல போனான்?" என்றார். பில்லையை வாங்கிக்கொள்ளவில்லை. "அத வச்சிக்க. மேல வந்தப்புறம்தான் மாட்டணும். நீ இன்னும் வரல. அவசரம் ஒண்ணும் இல்ல. மொதல்ல நாளைக்குக் கொழாயாண்ட வா. தைலம்மா வாய்க்கு ஆள் இல்லாம என் தலைய உருட்டறா."

மறுநாள் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாளே பெல் பெரியப்பா குழாய்க் கம்பியில் ஒன்று தட்டி எல்லார் வாயையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சில வருஷம் கழித்து அவர் போனபோது, தைலம்மா அக்காவின் வீட்டுக்காரர் அந்தப் பலகையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "உன்கிட்டதான் குடுக்கச் சொன்னாரு" என்றார். பதினொரு பில்லையும் அப்படியே இருந்தன. யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. குழாய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. திறந்தால் தண்ணீர் வருகிறது, குரல் எதுவும் வருவதில்லை. பலகை சுவரில் இருக்கிறது.

அன்றைக்குக் கமிட்டியில் சொல்லாத வார்த்தையை இன்று, யார் என்றே தெரியாத உங்கள் இத்தனை பேர் முன்னாலும் எழுதிவிட்டேன். பேனாவை மூடிவிட்டு எழுந்து, பெட்டியிலிருந்து பில்லையை எடுத்துப் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினேன். பிறகு பலகையை விரலால் மூன்று தட்டினேன், தூங்குகிற யாரும் எழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக.