மேலாளர் இணையத் தொலைபேசி தேர்ந்த படலம்

வாழி மேலாளர்! சட்டைப்பையில் முப்பேனா தரித்த முன்னவர் வாழி! பழுதுற்ற மின்தூக்கிகளைச் சரிசெய்யும் அறுவர் அலுவலகத்தின் தனிப்பெருங் காவலர், சுழல்நாற்காலிச் செம்மல், கையொப்பமிடுமுன் மூக்குக்கண்ணாடியை மும்முறை துடைக்கும் முன்னெச்சரிக்கை முதல்வர் வாழி! சொல்லின் தெய்வமே, அவ்வண்ணல் ஆடிய கொடும்போரைச் சிரிக்காமல் சொல்லி முடிக்கும் திறத்தை இந்நாவுக்கு அருள்வாயாக.

போர் மூண்ட காரணம் கேண்மின். கடல்கடந்து சென்றிருந்த முதலாளி ஒருநாள் அழைத்தபோது, அலுவலகத்தின் ஒற்றைத் தொலைபேசி நாற்பது நிமிடம் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. வெகுண்டெழுந்த அப்பெருந்தகை ஆணையிட்டார்: "இன்டர்நெட் போன் மாட்டுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதுல கூப்பிடுவேன். மணி அடிக்கலைன்னா நீங்க பழையபடி கிடங்குக்கே போயிடுங்க." கிடங்கு! துருவேறிய கம்பிவடங்களோடு பதினொரு ஆண்டுகள் அங்கே குடித்தனம் நடத்தி மீண்டவர் மேலாளர். அந்தப் பேரைக் கேட்டாலே அவர் கை சுழல்நாற்காலியை இறுகப் பற்றிக்கொள்ளும்.

வெள்ளி நண்பகலில், மடிக்கணினி ஏந்திய மூன்று விற்பனை வீரர்கள், ஒருவர் மணத்தை ஒருவர் வெல்லும் வாசனைத் திரவியங்களுடன் களம் புகுந்தனர். அவர்கள் விரித்த வண்ணப் படங்களை நம் அண்ணல் ஏறெடுத்தும் பார்த்தாரில்லை. அவர் கண்டறிந்த சோதனை ஒன்றே ஒன்று. தம் மேசைக்கும் கணக்காளர் அக்காவின் மேசைக்கும் நடுவே, விரற்கடை தடிமனும் ஆளுயரமுமாய் நின்ற ஒட்டுப்பலகைத் தடுப்பின் இப்பால் ஒரு கருவி, அப்பால் ஒரு கருவி.

"கேக்குதா?" என்று முழங்கினார் மேலாளர்.

"கேக்குது சார்!" என்று எதிர்முழங்கினார் அக்கா. அக்குரல் பலகைக்கு மேலே தாவி முதலில் வந்தது. இணையமென்னும் நெடுவழியில் ஊர்சுற்றிவிட்டு, அரை நொடி தாழ்ந்து, கருவி வழியே மீண்டும் வந்தது.

அண்ணலின் புருவங்கள் நெரிந்தன. "ஒரே பேச்சை ரெண்டு தடவை சொல்லுது. இது இரட்டை நாக்கு. எடுத்துட்டுப் போங்க!"

முதல் விற்பனை வீரர் வீழ்ந்தார். இரண்டாமவரின் கருவியும் அவ்வாறே ஈருரை பகர்ந்து, பெட்டிக்குள் திரும்பியது.

மூன்றாமவரோ, கையில் இணைய வடத்துடன் மேசைக்கடியில் தவழ்ந்து, அதைச் செருகத் துளை தேடிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்த மேலாளர் அதற்குள் கருவியைக் காதில் வைத்துவிட்டார். "சார், இன்னும் மாட்ட..." என்று அடியிலிருந்து எழுந்த தீனக்குரலை, "யாரும் பேசாதீங்க!" என்ற சிங்கநாதம் விழுங்கியது.

"கேக்குதா?"

"கேக்குது சார்!"

ஒரே முறை! ஐயமற, எதிரொலியற, மழைவிட்ட வானம்போல் தெளிவாக ஒரே முறை! அண்ணலின் கண்கள் பனித்தன. மூக்குக்கண்ணாடி மும்முறை துடைக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் கையொப்பம் விழுந்தது.

அதன்பின் விற்பனையாளர் துளையைக் கண்டு வடத்தைச் செருகினார். மறுபடி ஒரு "கேக்குதா" எழ, அந்தோ, இம்முறை மறுமொழி இரண்டாய் வந்தது! துரோகம் எங்கிருந்து நுழைந்தது என்பதை நொடியில் உணர்ந்த மேலாளர், அவ்வடத்தைப் பற்றி, வேரோடு முள்ளைப் பறிப்பவர்போல் பிடுங்கி எறிந்தார்.

"சார், அது வழியாத்தான் இன்டர்நெட்டே வருது," என்று கைபிசைந்தார் விற்பனையாளர்.

"வந்த வழியே போகட்டும்!"

கையொப்பம் கிடைத்தவர் அதற்குமேல் வாதாடுவாரா? பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கினார். மணி நான்கு ஆயிற்று. அறுவரும் புதுக்கருவியைச் சூழ்ந்து நின்றனர். மணியோசை எழவில்லை. நிமிடங்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன, மேலாளரின் நெற்றியில் வியர்வை அரும்பியது, ஆயினும் தளராத அத்தகைமையாளர் கருவியை எடுத்துச் செவியில் பொருத்தி, அதன் ஆழ்ந்த, பரந்த, ஈறில்லா மௌனத்தைப் பருகி, உலகறியப் பறைசாற்றினார்: "பாருங்க, ஒரு இரைச்சல் இருக்கா!"

நாலே காலுக்கு முதலாளி கணக்காளர் அக்காவின் கைப்பேசியில் கூப்பிட்டு, போனை மேனேஜர்கிட்டக் கொடுங்க என்றார்.