அன்செல்மோ வாங்கிய பூட்டு

இனி என் புத்தகத்தை இந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்கா தொடக்கூடாது என்று சபதம் போட்டார் அன்செல்மோ. காரணம், அவர் மனைவி நெலிடா. கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த துப்பறியும் நாவல்கள் அண்டை வீடுகளுக்குப் படியேறிப் போகும். திரும்பி வருவது அவரவர் புண்ணியம்.

புவெனஸ் ஐரிஸில் புத்தகக் கடைக்கா பஞ்சம்? நேரே போய் மின்நூல் படிக்கும் கருவி கேட்டார். விற்பனைப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்றில் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். மற்றதில் எல்லாம் பூட்டு. வாங்கிய நூல்கூட நமக்குச் சொந்தமில்லை, படிக்கும் உரிமை மட்டும்தான் என்று பாவம், அவள் எச்சரித்தாள். அன்செல்மோவுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அந்தப் பூட்டுதான் வேண்டும் என்றார். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் கேட்டபோது, கடவுச்சொல் எதுவும் நினைவில் நிற்காத மனிதர், வழக்கம்போல நெலிடாவுடையதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் சொர்க்கம். ஞாயிறன்று மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தால், வேறொரு கருவியில் கடைசிப் பக்கம்வரை படித்தாயிற்று, அங்கே போகவா என்று கேட்டது திரை. பதற்றத்தில் ஆமாம் என்று தட்டித் தொலைத்தார். கொலைகாரன் அங்கே விலங்கோடு நின்றான்.

"நெலிடா, என் புத்தகத்தை யாரு படிச்சது?"

"மூணாம் மாடி ஓஃபேலியா. ரொம்ப நல்லாருக்காம்."

"பூட்டு போட்டிருக்கேடி!"

"அது வெளியாளுக்கு. கணக்குல குடும்பத்தைச் சேர்த்துக்கலாம்னு கடையே சொல்லுது. ஆறு கருவி வரைக்கும்."

"ஓஃபேலியா எப்படி நம்ம குடும்பம்?"

"தினமும் சாயங்காலம் ஒரே குடுவையில, ஒரே குழல்ல மாத்தே டீ உறிஞ்சுறோம். எச்சில்னு யாராவது துடைக்கிறோமா? இதுக்கு மேல என்ன குடும்பம் வேணும்?"

அந்த ஊரில் மாத்தே குழலைத் துடைப்பது பெரிய அவமரியாதை. குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பவனை அவரே மனிதனாக மதித்ததில்லை. கோபத்துக்கு நடுவிலும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பூட்டுச் செய்தவர்களுக்கே தோன்றாத வாசலை மாத்தே குடித்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாளே, என்ன மூளை! கணக்கை என் பெயருக்கு மாற்றிக் கொடு என்று கெஞ்சிப் பார்த்தார். வாங்கிய நூல் பெயர் மாறாதாம். அவர் கேட்டு வாங்கிய பூட்டு அப்படி.

சரி, கொலைகாரன் தெரிந்தாலும் பரவாயில்லை, மீதியையாவது படிப்போம் என்று உட்கார்ந்தார். பக்கம் புரட்டுவதற்குள் திரை வெளுத்தது. உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

நெலிடா எட்டிப் பார்த்தாள். "ஓ, அதுவா? எதிர்வீட்டு ஹெர்மினியாவும் இப்பதான் கருவி வாங்கிட்டு வந்தா. ஆறுக்கு மேல ஆயிடுச்சு, ஒருத்தரைக் கழிக்கணும்னு கடை சொல்லுச்சு. மத்தவங்களைக் கழிச்சா மனசு நோகும். நீங்கதானே, பொறுத்துக்குவீங்க."